எண்ணுக்கு முன்னால் பீக்: மருத்துவ ஆய்வகத்தில் ஹெச்பிஎல்சியும் எல்சி-எம்எஸ்/எம்எஸ்ஸும்

கேள்வி இது: "எங்கள் ஆய்வகத்தில் பல வருடமாக ஹெச்பிஏ1சி-யை (சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினை) ஹெச்பிஎல்சியில் பார்க்கிறோம். இப்போது டாக்ரோலிமஸ் (மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்து), வைட்டமின் டி, ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கு எல்சி-எம்எஸ்/எம்எஸ் வரப்போகிறது. இவற்றை இம்யூனோஅஸ்ஸேயிலேயே பார்க்க முடிகிறபோது இது எதற்கு? கருவியை ஓட்டுபவர் எதைக் கவனிக்க வேண்டும், எங்கே சறுக்கும்?"

பெயர்கள் முதலில். ஹெச்பிஎல்சி கரைசலை அழுத்தத்தோடு குழல் வழியே தள்ளிப் பொருள்களைப் பிரிக்கும் கருவி; எல்சி-எம்எஸ்/எம்எஸ் அப்படிப் பிரிந்து வருபவற்றை நிறைமானியால் (எம்எஸ்) நிறை பார்த்து அடையாளம் காணும். முதல் பாதிக்கான பதில் சுருக்கமானது. இம்யூனோஅஸ்ஸேயில் ஒரு ஆன்டிபாடி எதைப் பிடித்துக்கொள்கிறதோ அதுதான் முடிவு. தேடும் மூலக்கூறைப் போலவே தோற்றமுள்ள இன்னொன்றையும் அது பிடித்தால், அந்தத் தவறு எண்ணுக்குள் கரைந்துவிடும், வெளியே தெரியாது. குரோமட்டோகிராஃபியில், அதாவது குழலில் பிரித்து அளக்கும் இந்த முறைகளில், தவறு பெரும்பாலும் படமாகத் தெரியும். பீக், அதாவது ஒரு பொருள் வெளியேறும்போது திரையில் எழும் முகடு, சாய்ந்திருக்கும், தோளோடு இருக்கும், நேரம் தள்ளி வரும். அந்தப் படத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்து அனுப்பினால், இவ்வளவு விலையுள்ள கருவியை வாங்கியதில் பாதிப் பயன் வீண்.

நீங்கள் ஏற்கெனவே ஓட்டும் ஹெச்பிஏ1சி-யிலிருந்தே தொடங்கலாம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி நுனியில் உள்ள வாலினோடு குளுக்கோஸ் ஒட்டும்போது அந்த இடத்தின் நேர்மின்சுமை குறைகிறது. கேட்டயான் பரிமாற்றக் குழல் நேர்மின்சுமை உள்ளதை இழுத்துப் பிடிக்கும். அதனால் சர்க்கரை ஒட்டிய ஹெச்பிஏ1சி சீக்கிரம் வெளியே வரும், சாதாரண ஹெச்பிஏ0 பின்னால் வரும். குழலில் ஓடும் பஃபர் கரைசலின் உப்புச் செறிவைக் கூட்டிக்கொண்டே போவதால் ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. 415 நானோமீட்டரில் ஹீமின் நிறத்தைக் கொண்டே அளந்துவிடுவதால் தனியாக எந்த வினைப்பொருளும் வேண்டாம். எல்லாம் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிகிறது.

இந்த எளிமைதான் ஆபத்தும். மின்சுமையை மாற்றும் எதுவும் இந்தப் பிரிப்பைக் குழப்பும். சிறுநீரகச் செயலிழப்பில் யூரியாவிலிருந்து வரும் சயனேட் அதே வாலினில் ஒட்டி கார்பமைலேட்டட் ஹீமோகுளோபினை உண்டாக்கும். அது ஹெச்பிஏ1சி-க்குப் பக்கத்தில் வரும். ரத்தம் எடுத்த நேரத்தில் குளுக்கோஸ் மிக அதிகமாக இருந்தால் இன்னும் உறுதியாகப் பிணையாத லேபைல் பகுதி தனிப் பீக்காகவோ தோளாகவோ தெரியும். இப்போதைய கருவிகள் இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. ஆனால் குழல் தேய்ந்து முடியும் நிலையில் பிரிப்பு மங்கும்போது, ஹெச்பிஏ1சி பீக்கின் அடியில் அவை கலந்துவிடும். எண் இயல்பாகவே தோன்றும். பீக்கின் வடிவம்தான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது மாறுபட்ட ஹீமோகுளோபின்கள். ஹெச்பிஎஸ், ஹெச்பிஇ, ஹெச்பிடி, ஹெச்பிசி ஒரு மரபணுவில் மட்டும் உள்ளவரிடம் கூடுதல் பீக் ஒன்று வரும். அந்த மாறுபாட்டில் உங்கள் கருவியின் அளவீடு செல்லுமா செல்லாதா என்பது கருவிக்குக் கருவி வேறு; அதன் ஆவணத்தில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டு மரபணுவிலும் ஹெச்பிஎஸ் உள்ளவரிடம் ஹெச்பிஏ என்ற இயல்பான ஹீமோகுளோபினே இல்லை. அவருக்கு ஹெச்பிஏ1சி என்று ஒரு எண் அச்சாகி வந்தால் அது அர்த்தமற்ற எண். அங்கே ஃபிரக்டோசமைன் போன்ற வேறு சோதனையைப் பரிந்துரைப்பதே சரியான அறிக்கை. சிவப்பணுக்களின் ஆயுள் குறையும் ரத்தச் சிதைவு நோயிலும், அண்மையில் ரத்தம் ஏற்றியவரிடமும் இன்னொரு சிக்கல்: குரோமட்டோகிராம் (பீக்குகளின் படம்) அழகாக இருக்கும், எண்ணும் அந்த மாதிரிக்குச் சரியாக இருக்கும், ஆனால் நோயாளியின் சர்க்கரை நிலையை அது சொல்லாது. இரும்புச்சத்துக் குறைபாட்டில் எண் மேலே நகரக்கூடும். இதைக் கருவி கண்டுபிடிக்காது.

மொத்தப் பரப்பு (எல்லாப் பீக்குகளின் பரப்பின் கூட்டல்) என்று ஒரு எண் எல்லா அறிக்கையிலும் இருக்கும், பலர் கண்டுகொள்வதில்லை. கடுமையான ரத்தசோகையில் அது வரம்புக்குக் கீழே போகும். சிறிய பீக்குகளைத் துல்லியமாக அளக்கப் போதுமான ஹீமோகுளோபின் இல்லை என்று பொருள். வரம்புக்கு வெளியே போனால் கருவி சொன்னபடி நீர்த்தலை மாற்றித் திரும்ப ஓட்ட வேண்டும், அப்படியே அனுப்பக் கூடாது. இரண்டு அலகிலும் அறிக்கை தருபவர்களுக்கு ஒரு சிறு சோதனை: லிட்டருக்கு அல்ல, மோலுக்கு மில்லிமோல் என்ற ஐஎஃப்சிசி (சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு) எண்ணை 0.09148 ஆல் பெருக்கி 2.152 கூட்டினால் சதவீதம் வரும். 48 என்றால் 6.5. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மென்பொருள் அமைப்பில் கோளாறு.

அதே குழல் வேலைதான் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கான பரிசோதனையிலும். ஹெச்பிஏ2 (எல்லோரிடமும் சிறிதளவு இருக்கும் ஹீமோகுளோபின்) 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பீட்டா தலசீமியா சுமப்பவரா என்று யோசிக்கிறோம். ஆனால் ஏ2 இடத்தில் 25 சதவீதம் என்று வந்தால் அது ஏ2 அல்ல. ஹெச்பிஇ அதே இடத்தில் வெளியேறுகிறது. ஹெச்பிஎஸ் சுமப்பவரிடம் ஏ2 சற்று உயர்ந்து தெரிவதும் உண்டு. ஹெச்பிஎஸ்ஸின் மாறுபட்ட வடிவங்கள் ஏ2 பீக்குக்குள் வந்து விழுவதுதான் காரணம். அதை வைத்துத் தலசீமியா என்று எழுதிவிடக் கூடாது. எதிர்ப்பக்கமும் உண்டு: இரும்புச்சத்துக் குறைபாடு ஏ2-வை இழுத்துக் கீழே கொண்டுவந்து சுமப்பவரை மறைத்துவிடும். அதனால் இந்தச் சோதனையை முழு ரத்த எண்ணிக்கை இல்லாமல் படிப்பது பாதிக் கண்ணால் பார்ப்பது.

இனி எல்சி-எம்எஸ்/எம்எஸ். இங்கே குழல் பெரும்பாலும் சி18, அதாவது சிலிக்கா மணிகளின் மேல் 18 கார்பன் நீளமுள்ள ஹைட்ரோகார்பன் சங்கிலி. நீரை வெறுப்பது பிடிபட்டு நிற்கும். மெத்தனால் அல்லது அசிட்டோநைட்ரைல் அளவைக் கூட்டக் கூட்ட விட்டு விலகும். வெளியே வந்த கரைசல் மின்னூட்டப்பட்ட நுண்துளிகளாகச் சிதறி, மூலக்கூறுகள் அயனிகளாகின்றன. முதல் குவாட்ரபோல் (நிறையால் வடிகட்டும் பகுதி) வேண்டிய நிறையை மட்டும் விடும், நடு அறையில் வாயுவோடு மோதி அது உடையும், மூன்றாவது குவாட்ரபோல் குறிப்பிட்ட துண்டை மட்டும் விடும். இப்படி ஒரு நிறையும் அதன் துண்டும் சேர்ந்த சோடியைத் தடம் என்போம். டாக்ரோலிமஸ் என்றால் 821.5-இலிருந்து 768.4, டெஸ்டோஸ்டிரோன் என்றால் 289-இலிருந்து 97 அல்லது 109.

இவ்வளவு தேர்ந்தெடுக்கும் கருவி இருக்க, முன்னால் குழல் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நிறை ஒன்றாக இருக்கும் இரண்டை நிறைமானியால் பிரிக்க முடியாது என்பதே பதில். மார்ஃபீனும் ஹைட்ரோமார்ஃபோனும் இரண்டும் 286. கோடீனும் ஹைட்ரோகோடோனும் இரண்டும் 300. எபிநெஃப்ரினும் நார்மெட்டாநெஃப்ரினும் ஒரே வாய்பாடு கொண்டவை. குழலில் பிரியாவிட்டால் ஃபியோகுரோமோசைட்டோமா (அட்ரினல் சுரப்பிக் கட்டி) தேடும் அறிக்கையே கெடும். பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சியில் பார்க்கும் 11-டீஆக்சிகார்ட்டிசாலும் 21-டீஆக்சிகார்ட்டிசாலும் இரண்டும் 347. பிரெட்னிசலோனின் நிறை 361 தான், கார்ட்டிசாலின் 363-லிருந்து வேறு. ஆனாலும் கனமான ஐசோடோப்புகளால் (அதே தனிமத்தின் நிறை கூடிய அணுக்களால்) பிரெட்னிசலோனில் சுமார் 3 சதவீதம் 363-இல் வரும். மாத்திரை சாப்பிடும் நோயாளியிடம் பிரெட்னிசலோன் குவிந்திருக்கும்போது அந்த 3 சதவீதமே பொய்யான கார்ட்டிசால் ஆகிவிடும். இவை எல்லாவற்றிலும் நேரம்தான் பிரிக்கிறது. புதிய முறையை ஏற்கும்போது ஒவ்வொரு இரட்டையையும் தனித்தனியாகச் செலுத்தி, பிறகு கலந்து செலுத்தி, பள்ளம் அடிக்கோடு வரை இறங்குகிறதா என்று பாருங்கள்.

வைட்டமின் டி-யில் இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும். 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி3-க்கு 3-எபி என்ற இரட்டை உண்டு. நிறையும் உடையும் விதமும் ஒன்றே. சாதாரண சி18 குழலில் இரண்டும் ஒரே பீக். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைகளிடம் இந்த இரட்டை (எபிமர்) கணிசமாக இருக்கும். குறைபாடுள்ள குழந்தை சரியாக இருப்பதாகத் தெரிந்துவிடும். பென்டாஃப்ளூரோஃபீனைல் வகைக் குழல் இவற்றைப் பிரிக்கும், ஓட்டம் சில நிமிடம் நீளும். குழந்தைகள் மருத்துவமனைக்கு அறிக்கை தரும் ஆய்வகம் அந்தச் சில நிமிடத்தைச் செலவழிக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. தவிர, தண்ணீர் மூலக்கூறு ஒன்றை இழக்கும் 401-383 தடம் பல பொருள்களுக்குப் பொது. வாய்ப்பிருந்தால் குறைந்த பொதுத்தன்மை உள்ள இரண்டாவது தடத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இம்யூனோஅஸ்ஸேயால் முடியாத இடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்து. அளவு ஆபத்தாக ஏறியவருக்கு குளுகார்பிடேஸ் என்ற நொதியைக் கொடுத்தால், அது மெத்தோட்ரெக்ஸேட்டை உடைத்து டாம்பா என்ற பொருளாக்கும். ஆன்டிபாடி டாம்பாவையும் மெத்தோட்ரெக்ஸேட்டாகவே எண்ணும். மருந்து கொடுத்தும் அளவு இறங்கவில்லை என்று காட்டும். குறைந்தது 48 மணி நேரம் அந்த எண்ணை நம்ப முடியாது. எல்சி-எம்எஸ்/எம்எஸ்ஸில் இரண்டுக்கும் நிறையே வேறு. டாக்ரோலிமஸிலும் வளர்சிதைப் பொருள்களை ஆன்டிபாடி சேர்த்துப் பிடிப்பதால் இம்யூனோஅஸ்ஸே எண் பொதுவாகச் சற்று உயர்ந்து நிற்கும். முறை மாறும் நாளில் நோயாளியின் எண் திடீரெனக் குறைந்ததாகத் தோன்றும். சிறுநீரக மாற்று மருத்துவருக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்லாமல் மாற்றினால், தேவையில்லாமல் மாத்திரை அளவு கூட்டப்படும்.

ஓட்டும்போது எங்கே சறுக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான சறுக்கல் கருவியில் இல்லை, மாதிரியைத் தயார்செய்யும் மேசையில் இருக்கிறது.

டாக்ரோலிமஸையே எடுத்துக்கொள்வோம். மருந்து பெரும்பாலும் சிவப்பணுவுக்குள் இருக்கிறது, எனவே ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) போட்ட முழு ரத்தம் வேண்டும். குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்துக் கலக்காமல் மேலிருந்து உறிஞ்சினால் பிளாஸ்மாவை அளக்கிறீர்கள். வழக்கமான ஒரு செய்முறை இப்படிப் போகும்: 50 மைக்ரோலிட்டர் ரத்தம், அதில் 100 மைக்ரோலிட்டர் 0.1 மோலார் ஜிங்க் சல்ஃபேட், வோர்டெக்ஸில் கலக்கல். அணுக்கள் வெடித்த பிறகு இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (ஒப்பிட்டு அளக்க எல்லா மாதிரியிலும் ஒரே அளவு சேர்க்கும் பொருள்) கலந்த அசிட்டோநைட்ரைல் 250 மைக்ரோலிட்டர், மறுபடி ஒரு நிமிடம் வலுவாக வோர்டெக்ஸ். 10,000 ஜி-க்கு மேல் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ். தெளிந்த மேல்நீரை வயலுக்கு மாற்றல். வரிசையை மாற்றி முதலில் அசிட்டோநைட்ரைல் ஊற்றினால் ரத்தம் கட்டியாகத் திரளும். மருந்து கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும், உள்ளே போகாத இன்டர்னல் ஸ்டாண்டர்ட் முழுதாகத் திரும்பி வரும். மருந்துக்கும் அதற்கும் உள்ள விகிதம் தாழ்ந்து முடிவு குறையும், கருவி எந்த எச்சரிக்கையும் தராது. கட்டி விழுந்த குழாயைக் கண்ணால் பார்த்தே ஒதுக்க வேண்டும்.

இந்த மருந்தை அம்மோனியம் ஒட்டிய அயனியாக அளக்கிறோம். அதனால் மொபைல் ஃபேஸில் (குழல் வழியே ஓடும் கரைசலில்) 2 மில்லிமோலார் அம்மோனியம் அசிட்டேட்டும் 0.1 சதவீத ஃபார்மிக் அமிலமும் இருக்கும். யாராவது அம்மோனியம் அசிட்டேட்டைப் போட மறந்தால், கண்ணாடியிலிருந்தும் கரைப்பானிலிருந்தும் வரும் சோடியம் ஒட்டிக்கொண்டு 826.5-க்குப் போய்விடும், 821.5-இல் சிக்னல் சரிந்துவிடும். இன்டர்னல் ஸ்டாண்டர்டும் சேர்ந்து சரிவதால் விகிதம் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அதனால்தான் மணிக்கணக்கில் கவனிக்காமல் போகிறது. டாக்ரோலிமஸோ சைக்ளோஸ்போரினோ ஏறிக்கொண்டிருந்த அதே நரம்புவழிக் குழாயில் ரத்தம் எடுத்தால் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த மருந்தும் சேர்ந்து வரும். அப்படி வரும் பொய் உயர்வை எந்தக் குரோமட்டோகிராஃபியாலும் கண்டுபிடிக்க முடியாது, தொலைபேசியில் வார்டைக் கேட்டால்தான் தெரியும்.

பிளாஸ்மா, சீரத்துக்கு எளிய வழி ஒரு பங்கு மாதிரிக்கு மூன்று பங்கு அசிட்டோநைட்ரைல். புரதம் கிட்டத்தட்ட முழுதும் வீழ்ந்துவிடும். ஆனால் பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்புகள் விழாது, மேல்நீரிலேயே இருக்கும். மெத்தனாலில் இன்னும் அதிகம் தங்கும். இவைதான் எல்சி-எம்எஸ்ஸின் கண்ணுக்குத் தெரியாத எதிரி. உங்கள் மருந்து வெளியேறும் அதே நொடியில் இவையும் வந்தால் துளியின் மேற்பரப்பில் இடத்துக்குப் போட்டி நடக்கும், மருந்து அயனியாகாமல் அமுங்கிப்போகும். அயன் சப்ரெஷன் என்பது இதுதான். பீக்கின் வடிவம் அழகாகவே இருக்கும், உயரம் மட்டும் குறையும்.

இதை நேரில் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. குழலுக்கும் நிறைமானிக்கும் நடுவே டீ இணைப்பு வைத்து, சிரிஞ்ச் பம்பால் மருந்துக் கரைசலை நிமிடத்துக்கு 5 முதல் 10 மைக்ரோலிட்டர் வீதம் தொடர்ந்து செலுத்துங்கள். திரையில் நேர்க்கோடு ஓடும். இப்போது மருந்தே இல்லாத, தயார்செய்த பிளாஸ்மாவைக் குழலில் செலுத்துங்கள். கோடு எங்கே பள்ளமாகிறதோ அங்கே உங்கள் பீக் இருக்கக் கூடாது. முதல் பள்ளம் உப்புகளால் தொடக்கத்திலேயே வரும், பின்பள்ளம் பாஸ்போலிப்பிடுகளால். எண்ணாக வேண்டுமென்றால் மூன்று தொகுதி செய்யுங்கள்: வெறும் கரைப்பானில் மருந்து, தயார்செய்து முடித்த பிளாஸ்மாவில் கடைசியில் சேர்த்த மருந்து, தயார்செய்யும் முன்பே பிளாஸ்மாவில் சேர்த்த மருந்து. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் மேட்ரிக்ஸ் விளைவு (மாதிரியில் உள்ள மற்றப் பொருள்களின் தாக்கம்), மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் மீட்பு (தயார்செய்யும்போது இழக்காமல் கிடைத்த பங்கு). குறைந்தது ஆறு வெவ்வேறு பேரின் பிளாஸ்மாவில் செய்யுங்கள். சராசரி 70 சதவீதம் என்பதைவிட, ஒருவரிடம் 95, இன்னொருவரிடம் 50 என்று சிதறுவதுதான் கவலைக்குரியது. கொழுப்பு மிகுந்த, ரத்தம் சிதைந்த மாதிரிகளையும் அந்த ஆறில் சேருங்கள்.

இந்தச் சிதறலைச் சமன்செய்யத்தான் ஐசோடோப் ஏற்றிய இன்டர்னல் ஸ்டாண்டர்ட். மருந்தும் அதுவும் ஒரே நொடியில் வந்தால் இரண்டும் ஒரே அளவு அமுங்கும், விகிதம் பிழைக்கும். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றியது சி18-இல் சற்று முன்னே வரும். ஐந்தாறு டியூட்டீரியம் இருந்தால் அந்தச் சில நொடி வித்தியாசமே பள்ளத்தின் விளிம்பில் ஒன்றையும் வெளியே மற்றொன்றையும் விட்டுவிடக்கூடும். கார்பன்-13 ஏற்றியது கிடைத்தால் அதை வாங்குங்கள், கூடுதல் செலவு வீண்போகாது. நிறை வித்தியாசம் குறைந்தது 3 இருக்கட்டும்; இல்லாவிட்டால் மருந்தின் இயற்கை ஐசோடோப்புகள் இன்டர்னல் ஸ்டாண்டர்டின் தடத்தில் புகும். இன்டர்னல் ஸ்டாண்டர்டிலேயே ஐசோடோப் ஏறாத மருந்து சிறிதளவு கலந்திருக்கலாம். இன்டர்னல் ஸ்டாண்டர்ட் மட்டும் போட்ட வெறும் மாதிரியை ஒவ்வொரு புதிய லாட்டுக்கும் ஓட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். வைட்டமின் டி போல் புரதத்தோடு இறுகப் பிணைந்தவற்றில், இன்டர்னல் ஸ்டாண்டர்டைச் சேர்த்தவுடன் வீழ்படிய வைக்காமல் 10 முதல் 30 நிமிடம் கலந்து இருக்க விடுங்கள்.

தொகுதி முடிந்ததும் நான் முதலில் பார்க்கச் சொல்வது முடிவுகளை அல்ல, செலுத்திய எல்லா மாதிரிகளின் இன்டர்னல் ஸ்டாண்டர்ட் பரப்பை வரிசையாக வரைந்த படத்தை. ஒரே ஒரு மாதிரியில் குறைந்தால் பிப்பெட் தவறு அல்லது அந்த மாதிரியின் மேட்ரிக்ஸ். அதைத் திரும்பத் தயார்செய்யுங்கள். தொடக்கத்திலிருந்து கடைசிவரை மெல்ல இறங்கினால் அயன் மூலம் அழுக்காகிறது. திடீரென எல்லாம் பாதியானால் ஊசியிலோ வால்விலோ கோளாறு. ஒரு மாதிரியில் இரட்டிப்பானால் இன்டர்னல் ஸ்டாண்டர்ட் இரண்டு முறை போயிருக்கும். அந்த நோயாளியின் முடிவு பாதியாகக் காட்டும். இவ்வளவும் ஒரு படத்தில் அரை நிமிடத்தில் தெரிகிறது.

இரண்டு தடங்களின் விகிதமும் அப்படியே. அளக்கும் தடத்துக்கும் உறுதிப்படுத்தும் தடத்துக்கும் உள்ள விகிதம் கேலிபிரேட்டர்களின் (அளவு தெரிந்த மாதிரிகளின்) சராசரியிலிருந்து 20 முதல் 30 சதவீதத்துக்கு மேல் விலகினால், பீக்கின் அடியில் வேறு எதுவோ இருக்கிறது. எண் எவ்வளவு நம்பும்படி இருந்தாலும் நிறுத்தி வையுங்கள்.

கேலிபிரேஷன் கோட்டில் ஒரு பொறி. 1 முதல் 50 நானோகிராம் வரை உள்ள கோட்டை எடையிடாமல் (எல்லாப் புள்ளிக்கும் சம முக்கியத்துவம் கொடுத்து) பொருத்தினால், 50-இல் வரும் 5 சதவீதப் பிழை 2.5 நானோகிராம். அது கீழ்க் கேலிபிரேட்டரின் முழு மதிப்பைவிடப் பெரிது. கோடு மேல்முனைக்காக வளைந்து கீழ்முனையைப் பலியிடும். செறிவின் தலைகீழாலோ அதன் வர்க்கத்தின் தலைகீழாலோ எடையிடுங்கள். ஆர்-ஸ்கொயர் (கோட்டின் பொருத்தத்தைக் காட்டும் எண்) 0.999 என்று பெருமைப்படுவதற்கு முன் ஒவ்வொரு கேலிபிரேட்டரும் திரும்பக் கணக்கிட்டால் 15 சதவீதத்துக்குள், மிகக் கீழானது 20 சதவீதத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். உச்சக் கேலிபிரேட்டருக்கு அடுத்ததாக வெறும் மாதிரி ஒன்று கட்டாயம். அதில் அளக்கக்கூடிய கீழ் வரம்பின் 20 சதவீதத்துக்கு மேல் பீக் வந்தால் ஊசி கழுவும் கரைசலை மாற்றுங்கள். அதுவரை, மிக உயர்ந்த முடிவுக்கு அடுத்து ஓடிய நோயாளியைத் திரும்ப ஓட்டாமல் அனுப்பாதீர்கள்.

கருவிப் பக்கம் அன்றாடப் பழக்கங்கள். 2.1 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் உள்ள குழலின் உள்ளே கரைசல் நிற்கும் இடம் ஏறத்தாழ 0.11 மி.லி. தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பத்து மடங்கு, அதாவது 1.1 மி.லி. தொடக்கக் கரைசல் போனால்தான் குழல் பழைய நிலைக்கு வரும், நிமிடத்துக்கு 0.5 மி.லி. என்றால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். ஓட்டத்தைச் சுருக்க இந்த நேரத்தை வெட்டுபவர்களிடம்தான் முதல் சில பீக்குகளின் நேரம் அலைபாயும். ஓட்டத்தின் முடிவில் கரிமக் கரைப்பானை 95 சதவீதத்துக்கு மேல் ஏற்றி ஒரு நிமிடமாவது கழுவுங்கள். கழுவாத பாஸ்போலிப்பிடு குழலில் தங்கி, மூன்று நான்கு மாதிரிக்குப் பிறகு யாரோ ஒருவரின் பீக்கின் மேல் வந்து இறங்கும். வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே நேரம் 1 முதல் 2 சதவீதம் நகரும், குழல் அடுப்பின் கதவைத் திறந்துபோட்டு ஓட்டாதீர்கள்.

பீக் இரண்டாகப் பிளந்தோ முன்பக்கம் படர்ந்தோ வந்தால் உடனே குழலைக் குறைசொல்வது வழக்கம். முதலில் ஊசியிடும் கரைசலைப் பாருங்கள். மேல்நீரில் 60, 70 சதவீதம் அசிட்டோநைட்ரைல் இருக்க, தொடக்க மொபைல் ஃபேஸில் 5 சதவீதமே இருந்தால், மருந்தின் ஒரு பகுதி குழலில் பிடிபடாமல் கரைப்பானோடு ஓடிவிடும். மேல்நீரைத் தண்ணீரால் இரண்டு மூன்று மடங்கு நீர்த்துச் செலுத்துங்கள், அல்லது செலுத்தும் அளவை 2 மைக்ரோலிட்டருக்குக் குறையுங்கள். அதிலும் சரியாகாமல் எல்லாப் பீக்குகளும் ஒரே மாதிரி வாலோடு வந்தால் இணைப்பைப் பாருங்கள். குழாய் முனை சாய்வாக வெட்டப்பட்டோ முழுதாக உள்ளே உட்காராமலோ இருந்தால் அந்தச் சிறு இடைவெளியிலேயே பீக் கலங்கும்.

அழுத்தத்தை ஒரு நோட்டில் தினமும் ஒரே நிலையில் குறித்துவைப்பது விலையில்லாத நோயறியும் கருவி. மெல்ல ஏறினால் காவல்குழலோ (குழலுக்கு முன்னால் வைக்கும் சிறு பாதுகாப்புக் குழல்) வடிகட்டியோ அடைபடுகிறது. குழலைக் கழற்றிவிட்டு ஓட்டிப்பாருங்கள். அப்போதும் அழுத்தம் இருந்தால் அடைப்பு குழலுக்கு முன்னால். அழுத்தம் துடித்தால் காற்றுக்குமிழி அல்லது செக் வால்வு. தூய அசிட்டோநைட்ரைல் ஓடும் பக்கத்தில் வால்வின் சிறு மணி ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது. மெத்தனாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலக்கும் இடத்தில் பிசுபிசுப்பு உச்சத்தைத் தொடும். கரைப்பான் விகிதம் மாறிக்கொண்டே போகும் கிரேடியன்ட் நடுவே அழுத்தம் ஏறி இறங்குவது கோளாறு அல்ல.

நீர்ப்பக்க மொபைல் ஃபேஸில் பாக்டீரியா வளரும், சில நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பழைய பாட்டிலில் புதிய கரைசலை ஊற்றி நிரப்பும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். சோப்பின் மிச்சம் நிறைமானியில் வாரக்கணக்கில் தெரியும். பாஸ்பேட் பஃபர் யுவி (புற ஊதா ஒளி) கருவிக்குச் சரி, எம்எஸ்ஸுக்குள் போனால் ஆவியாகாமல் மூலத்தில் வெள்ளையாகப் படியும். பஃபர் ஓடிய குழலை நேரே தூய அசிட்டோநைட்ரைலுக்கு மாற்றினால் உப்பு உள்ளேயே படிந்து அடைக்கும். முதலில் 10 சதவீத கரிமக் கரைப்பான் கலந்த தண்ணீரால் கழுவி, பிறகு ஏற்றுங்கள். சாதாரண சிலிக்காக் குழலுக்கு பிஹெச் 2 முதல் 8 வரைதான். அதற்கு மேல் சிலிக்காவே கரையும்.

யுவி, ஃப்ளோரசன்ஸ் கண்டறிவான்களோடு பழைய ஹெச்பிஎல்சி ஒன்று சும்மா இருந்தால் தூக்கி எறியாதீர்கள். ரெட்டினாலை (வைட்டமின் ஏ) 325 நானோமீட்டரிலும் டோகோஃபெராலை (வைட்டமின் ஈ) 292-லும் அது நன்றாகவே அளக்கும். மாதிரிக் குழாயை எடுத்த நேரத்திலிருந்து அலுமினியத் தாளில் சுற்றிவைத்தால் போதும், ரெட்டினால் வெளிச்சத்தில் சிதையும். இந்த இரண்டுக்கும் எம்எஸ் தேவையே இல்லை என்பேன்.

கடைசியாக, கைமுறை இன்டக்ரேஷன், அதாவது பீக்கின் பரப்பைக் கணக்கிடும் எல்லையைக் கையால் வரைவது. மென்பொருள் பீக்கின் அடிக்கோட்டைத் தவறாக இழுத்தால் திருத்தலாம், தவறில்லை. ஆனால் கன்ட்ரோல் (சரிபார்ப்பு மாதிரி) வரம்புக்குள் வராததால் கோட்டை நகர்த்துவது திருத்தம் அல்ல. ஒரு மாதிரியில் விதியை மாற்றினால் அந்தத் தொகுதியின் கேலிபிரேட்டர், கன்ட்ரோல், நோயாளி எல்லாவற்றுக்கும் அதே விதி. பழைய கோடு, புதிய கோடு, மாற்றியவர், காரணம் நான்கும் பதிவில் இருக்க வேண்டும். புதிதாகச் சேருபவருக்குப் பிப்பெட் பிடிக்கச் சொல்லித்தரும் முன்பே, நல்லதும் கெட்டதுமாக ஐம்பது குரோமட்டோகிராமை அச்சிட்டுக் கொடுத்து எதை அனுப்புவாய், எதை நிறுத்துவாய் என்று பிரிக்கச் சொல்லுங்கள்.